பெருவிரலின் வேலை

பலெர்மோவில் நான் மூன்றாவதாக வேலைக்குப் போன வீட்டில் முப்பத்தொரு ரிவோல்வர்கள் இருந்தன. சேர்ந்தபோது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பொய். பெர்மெஸ்ஸோ முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. அந்த அனுமதிக் கடதாசியைப் புதுப்பிக்க, வேலை இருக்கிறது என்று ஒருத்தர் கையெழுத்து வைத்துத் தரவேண்டும்.

வீட்டுக்காரர் ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். கடைக்காரர் முதல் வாசல்காவல்காரர் வரை எல்லோரும் அவரை இன்ஜெனியேரே என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. மனைவி செத்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை சமைப்பதும் துடைப்பதும் துணி மடிப்பதும் என் வேலை. அவருடைய இரண்டு கைகளும் நடுங்கும். கோப்பிக் கோப்பையை அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அந்த வேலையை எடுத்துத் தந்தவர் என் அண்ணாவின் சிநேகிதன். என் அண்ணா செத்தது அவர் கையிலிருந்த துப்பாக்கியால். இரண்டும் ஒரே ஆள்தான். அந்த நாட்களில் இதை நாங்கள் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

மன்னாரில் கடற்கரையோடு ஒட்டியது எங்கள் வீடு. அண்ணாவிடம் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. அவரும் சிநேகிதனும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சிநேகிதன் ஒரு சின்ன இயக்கத்தில் சேர்ந்தார். ஒருநாள் பகல், பொலிசிடமிருந்து பறித்த ரிவோல்வர் ஒன்றைச் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மச்சாள், அதாவது அண்ணாவின் மனைவி, ஏழு மாதக் குழந்தைக்கு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போயிருந்தா. எனக்குப் பத்தொன்பது வயது. அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

முன் அறையில் தாழ்ப்பாள் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. வெட்டின மீனைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். அண்ணா சிரித்து ஏதோ சொன்னது கேட்டது, என்னவென்று விளங்கவில்லை. செவுளைப் பிடுங்கினேன். வெடி கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணா சுவரில் சாய்ந்து இருந்தார். சிநேகிதன் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். "துணியிலை கொழுவி வெடிச்சிட்டுது தங்கச்சி, துணியிலை கொழுவி வெடிச்சிட்டுது" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பிறகு அண்ணாவைத் தன் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அண்ணா முடிந்துவிட்டார்.

எடுத்துக் காட்டும்போது பின்னால் நிமிர்ந்திருக்கும் பகுதி துணியில் சிக்கி வெடித்தது என்று அவர் சொன்னதை ஊர் நம்பியது. அம்மா நம்பினா. பங்குத் தந்தை நம்பினார். மச்சாள் நம்பினா. நானும் நம்பினேன். அவர் இயக்கத்தை விட்டு ஓடினார். அதற்கே அவரைச் சுட்டிருப்பார்கள். எப்படியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். மூன்றாம் வருடத்திலிருந்து மச்சாளுக்குக் கடிதம் வரத் தொடங்கியது. ஒரு சிஞ்ஞோராவிடம், இத்தாலிய வீட்டுக்காரி ஒருத்தியிடம், கெஞ்சி வேலைக் கடிதம் எடுத்து மச்சாளையும் பிள்ளையையும் கூப்பிட்டார். இரண்டு வருடம் கழித்து என்னை. பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறையும் அவர் பிடித்துத் தந்ததுதான். பெர்மெஸ்ஸோ தருகிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், எங்களுக்காக வரிசையில் நின்றவரும் அவரே. ஞாயிறு பூசை முடிந்து எங்களோடு சாப்பிடுவார். பிள்ளை அவரை மாமா என்றாள். நான் அண்ணை என்றேன்.

அவரை மன்னிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. விபத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வேலைக்குப் போன இரண்டாம் கிழமை இன்ஜெனியேரே என்னைக் கூப்பிட்டு, "கையை நீட்டு" என்றார். நீட்டினேன். சந்தையில் மீன் பார்ப்பவர்போலத் திருப்பிப் பார்த்தார். "நடுங்கவில்லை. நல்லது."

பூட்டியிருந்த உள் அறையை அன்றுதான் திறந்தார். யன்னலுக்கு இரும்புக் கம்பி. சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பச்சைக் கம்பளித் துணியில் ஒவ்வொரு ரிவோல்வர் படுத்திருந்தது. நான் உள்ளே போகாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு தோட்டாகூட இந்த வீட்டில் கிடையாது. சட்டம் விடாது. ஆகவே இவை வெறும் இரும்பு. மேலே வடக்கிலிருந்து ஒருவர் முழுவதையும் வாங்க வருகிறார். பட்டியல் வேண்டும். குவெஸ்தூராவுக்கும் வேண்டும். என்னால் திருகாணி கழற்ற முடியாது. நீ கழற்றி நம்பரை வாசி, நான் எழுதுகிறேன்."

"என்னால் முடியாது இன்ஜெனியேரே" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் காலை, "நேற்று முடியாது என்றாய். இன்று?" என்று கேட்டார். அதற்கும் அடுத்த நாள் அதே கேள்வி. நான்காம் நாள் போனேன். அந்த வருடங்களில் பலெர்மோவில், மாபியா கொன்றுவிடும் என்று, நீதிபதிகள் வீட்டு வாசல்களில் ஆமிக்காரர் துவக்கோடு நின்றார்கள். பஸ்ஸுக்குப் போகும்போது தினமும் அவர்களைத் தாண்டித்தான் போவேன். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தேன். இதுவும் அப்படிப் பழகிவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

பழகியும்விட்டது. முதல் நாள் அவர் "நாயைப் பார்" என்றார். நான் மேசைக்குக் கீழே பார்த்தேன். அவருக்குச் சிரிப்பே வரவில்லை. துப்பாக்கியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் சுத்தியலைத்தான் அவர்கள் காணே, நாய், என்கிறார்கள். தோட்டா போகும் உருளை தம்பூரோ; திருநாளுக்கு அடிக்கிற மேளத்துக்கும் அதே சொல். கைப்பிடியின் இரண்டு பக்கத்து மரத் தட்டுகளுக்குச் சின்னக் கன்னங்கள் என்று பெயர். குழலின் உட்பக்கத்தை ஆனிமா என்றார். அந்தச் சொல்லைக் கோயிலில் மட்டும்தான் கேட்டிருந்தேன், ஆன்மா என்ற பொருளில். "ஆனிமா சுத்தமா பார்" என்பார். நான் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். "மூன்றில் ஒரு பங்கு அரித்திருக்கு." அவர் எழுதுவார்.

உடலிலும் தம்பூரோவிலும் குழலிலும் ஒரே நம்பர் இருந்தால் அவர் முகம் தெளியும். ஒன்று மாறியிருந்தால் "கலப்பு" என்று எழுதுவார்; அன்று காலை முழுக்கக் கதைக்க மாட்டார். பழைய நீலம் தேய்ந்து கீறல் விழுந்ததை விரும்புவார். புதிதாக நீலம் ஏற்றிப் பளபளப்பாக்கியிருந்தால், "முகத்துக்கு மா பூசிய பிணம்" என்று ஒதுக்குவார். திறக்கிற விதத்தை வைத்துத்தான் முதலில் பிரிப்பார்: முழங்கை மடிவதுபோல நடுவில் முறிகிறவை, தம்பூரோ பக்கமாய் வெளியே வருகிறவை, பின்னால் சின்னக் கதவு வைத்து ஒவ்வொரு தோட்டாவாய்ப் போடுகிறவை. கடைசியாக ஒரு கட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: தொப்பியா அட்சியோனே, இரட்டைச் செயல். அவர் சேர்த்தது அந்த வகை மட்டும்தான். அதன் அர்த்தம் என்னவென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது என் விரல்கள்.

பதினாறாவதோ பதினேழாவதோ எடுத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் முறிகிற பிரிட்டிஷ் ரிவோல்வர். கைப்பிடியின் அடியில் கயிறு கட்டுகிற வளையம். இலங்கைப் பொலிசார் இடுப்பில் தொங்கியது இதுதான். எங்கள் வீட்டுப் பாயில் கிடந்ததும் இதுதான்.

"செயலைச் சோதிப்போம்" என்றார் இன்ஜெனியேரே. சுத்தியல் வந்து விழும் இடத்தில் ஒரு தோல் துண்டை வைக்கச் சொன்னார். "விசையை மட்டும் இழு."

இழுத்தேன். மிகவும் பாரமாக இருந்தது. ஒரே இழுவையில் நாய் தானாக எழும்பி, தம்பூரோ சுற்றி, நாய் தானாக விழுந்தது.

"இது இரட்டைச் செயல். ஒரு விரல் இரண்டு வேலையும் செய்யும். இப்போது ஒற்றைச் செயல். பெருவிரலால் நாயைப் பின்னுக்குத் தூக்கு."

தூக்கினேன். தாழ்ப்பாள் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது.

நான் அப்படியே நின்றேன். என் வாய்க்குள் மீன் வாடை வந்தது. அவர் பேனையை மேசையில் தட்டினார்.

"இந்தச் சத்தம், விசையை இழுத்தால் வராதா?" என்று கேட்டேன்.

"வராது. விசையை இழுத்தால் நாய் எழும்பின கையோடு விழும். எங்கும் நிற்காது. பெருவிரலால் தூக்கினால்தான் உள்ளே ஒரு பல்லில் ஏறி நிற்கும். நீ கேட்டது பல்லில் ஏறுகிற சத்தம்."

"துணியில் கொழுவினால்?"

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேட்கிறாய்?"

"என் அண்ணா இப்படி ஒன்றால் செத்தவர்."

"எந்த மொடல்?" என்றார்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு முதலில் வந்த கேள்வி அதுதான். நான் கையிலிருந்ததைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். பிறகு நடந்தது முழுவதையும் எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் கேட்டுத் தெரிந்துகொண்டார். சத்தம், சிரிப்பு, வெடி. இந்த ஒழுங்கை நான் அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"சத்தத்துக்கும் வெடிக்கும் இடையில் எவ்வளவு நேரம்?"

"தெரியாது. ஒரு மீனைப் போட்டு இன்னொன்றை எடுத்தேன்."

"செய்து காட்டு."

துப்பாக்கியைக் கம்பளித் துணியில் வைத்துவிட்டு, மேசைமேல் கிடந்த துணித் துண்டுகளை மீனாக வைத்து, அன்று செய்ததைத் திரும்பச் செய்தேன். போட்டேன், எடுத்தேன், செவுளைத் திறந்தேன், பிடுங்கினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வினாடி" என்றார். "துணியில் கொழுவி நழுவியிருந்தால் அரை வினாடிகூட ஆகாது. நாய் கொஞ்சம் எழும்பும், விழும், முடிந்தது. எட்டு வினாடி என்றால் அது பல்லில் நின்றது. தூக்கினவன் எட்டு வினாடி வைத்திருந்தான்."

மேசையில் கிடந்த ரிவோல்வரின் நாய் இன்னும் எழும்பியே நின்றது.

"அதை இறக்கிவிடு. பெருவிரலால் இறுக்கிப் பிடி. பிறகு விசையை அழுத்து. அழுத்தாமல் இறங்காது. அழுத்தியபடி மெல்ல மெல்ல விடு. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வேலை. தோட்டா இருக்கும்போது பெருவிரல் வழுக்கினால் வெடிக்கும்."

சொன்னபடி இறக்கினேன். "நம்பர்?" என்றார். வாசித்தேன். எழுதிக்கொண்டார். ஒரு மணிக்கு நான் மேலங்கி போடும்போது வாசலில் வந்து நின்று, "உனக்கு இந்த வேலையை விட வேண்டுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு நடந்தே போனேன். வுச்சீரியாச் சந்தைக்குள்ளால் போகும்போதுதான் மற்றது ஞாபகம் வந்தது. அன்று நான் முன் அறைக்கு ஓடியபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. யாரும் தாழ்ப்பாள் போடவில்லை. ஒன்பது வருடமாக அந்தத் திறந்த கதவும் அந்தத் தாழ்ப்பாள் சத்தமும் என் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன.

அந்த ஞாயிறு அண்ணாவின் சிநேகிதன் வழக்கம்போல வந்தார். நகரத்துக்கு வெளியே, சியாகுல்லியில், ஒரு தோடந்தோட்டத்தில் அவருக்கு வேலை. பையில் மந்தரீனிப் பழங்கள் கொண்டுவந்தார். பிள்ளை வீட்டுப்பாடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "மாமா, குவார்தா, பாருங்கோ! என்ரை கொம்பித்தி எல்லாம் முடிச்சிட்டன்." அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். மச்சாள் அவருக்குச் சோறு போட்டா. அந்த வருடம்தான் கோயிலுக்கு வருகிற எங்கட பெண்கள் சிலர் மச்சாளிடம் கதை தொடங்கியிருந்தார்கள்: எத்தனை நாளைக்குத் தனியே இருக்கப்போகிறாய், பிள்ளைக்கும் அவர்தானே எல்லாம் என்று. மச்சாள் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் எழும்பினதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு ஓய்வு. பஸ் எடுத்துச் சியாகுல்லிக்குப் போனேன். பழம் பிந்திக் கனிகிற காலம், மரங்கள் நிறையப் பழம். அவர் ஒரு கூடையோடு நின்று, கத்தரிக்கோலால் பழத்தை இலையோடு சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தார். வேறு வேலையாட்கள் தூரத்தில் நின்றார்கள்.

"என்ன தங்கச்சி, இஞ்சை? பிள்ளைக்கு ஏதுமோ?"

"பிள்ளை சுகமா இருக்கிறாள். உங்களோடை கதைக்க வேணும்."

"சொல்லு."

அந்தப் பாகத்துக்குத் தமிழில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெருவிரலைத் தூக்கி மடக்கிக் காட்டினேன். "அண்டைக்கு நீங்கள் பின்னுக்கு இருக்கிறதைப் பெருவிரலாலை தூக்கினனீங்கள், என்ன?"

கத்தரிக்கோல் நின்றது.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குச் சத்தம் கேட்டது."

ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தார். கையிலிருந்த பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார். "ஓம்" என்றார்.

"ஏன்?"

"பயப்படுத்தத்தான். ஆறு பேரை அக்கரைக்கு, இந்தியாவுக்கு, கொண்டுபோக வேணும் எண்டு இயக்கத்திலை எனக்குச் சொல்லி விட்டவங்கள். வள்ளம் இல்லாமல் திரும்பி வராதை எண்டவங்கள். உன்ரை அண்ணா ஏலாது எண்டிட்டான். நான் தூக்கி அவன்ரை நெஞ்சுக்கு நேரை பிடிச்சன். அவன் சிரிச்சான். 'உனக்கு இதைப் பிடிக்கவே தெரியேல்லையடா' எண்டு சிரிச்சான்."

அந்தச் சிரிப்பை நான் கேட்டிருந்தேன். அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

"சிரிச்சதுக்கோ சுட்டீங்கள்?"

"இல்லை தங்கச்சி." அவர் எழும்பிவிட்டார். "அவன் சிரிக்க எனக்கு வெக்கமாப் போச்சு. நான் இறக்கப் பாத்தனான். எனக்கு அதை இறக்கத் தெரியாது. கையிலை தந்து ரெண்டு நாள். தூக்கச் சொல்லித் தந்தவங்கள். சுடச் சொல்லித் தந்தவங்கள். இறக்க ஒருத்தனும் சொல்லித் தரேல்லை."

இரண்டு வாரத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது. இப்போது விளங்கியது. விசையை அழுத்தாமல் இறங்காது. பெருவிரல் வழுக்கினால் வெடிக்கும். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"இறக்கேக்கை ஏன் வேறை பக்கம் திருப்பேல்லை? நிலத்துக்குத் திருப்பியிருக்கலாமே?"

"தெரியேல்லை" என்றார். "அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறன். தெரியேல்லை."

"துணி எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"அவனுக்கு நேரை நீட்டினனான் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது? உன்ரை அம்மாவுக்கோ?"

காற்றே இல்லை. தூரத்தில் யாரோ பெட்டிகளை லொறியில் எறிந்துகொண்டிருந்தார்கள். "மச்சாளுக்கு நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

"என்னாலை ஏலாது. ஆனால் நீ சொல்லாதை எண்டு நான் கேக்க மாட்டன். அந்தக் கலியாணக் கதைக்கு நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. இதுக்காகத்தான்."

நான் திரும்பியபோது, பழக்கதோஷத்தில், பிள்ளைக்கென்று ஒரு பையில் பழம் நிரப்பித் தந்தார். பழக்கதோஷத்தில் நானும் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் அதைக் காலடியில் வைத்துவிட்டு எடுக்காமல் இறங்கினேன்.

சனிக்கிழமை பின்னேரம் மச்சாளிடம் சொன்னேன். பிள்ளை மறைக்கல்விக்குப் போயிருந்தாள். மச்சாள் பிள்ளையின் பள்ளிக்கூட மேலாடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: இன்ஜெனியேரே வீடு, சத்தம், எட்டு வினாடி, தோட்டம், அவர் சொன்னது, அவருக்குச் சொல்லத் தெரியாமல் போனது. மச்சாள் கையை நிறுத்தவில்லை. கொலரை முடித்து, சட்டைக்கையை முடித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் அயனைக் கழற்றினா.

"இவ்வளவு காலமும் அந்தச் சத்தம் உனக்கு ஞாபகம் இருந்ததோ?"

"ஓம்."

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"தாழ்ப்பாள் எண்டு நினைச்சனான்."

"நான் பிள்ளையோடை போகேக்கை கதவைத் திறந்துதான் விட்டிட்டுப் போனனான், வரேக்கையும் திறந்துதான் கிடந்தது. சனம் எல்லாம் உள்ளுக்குப் போகேல்லை, கதவடியிலை நிண்டது." மச்சாள் கட்டிலில் இருந்தா. "நாங்கள் ரெண்டு பேரும் அதைப்பற்றி ஒருக்கால் கதைச்சிருந்தால் போதும்."

அடுத்த கிழமை ஒருநாள் மச்சாள் வேலை முடிந்து தனியே போய் அவரைச் சந்தித்தா. எங்கே என்று எனக்குத் தெரியாது. என்ன கதைத்தார்கள் என்றும் தெரியாது. இன்றைக்கு வரை நான் கேட்டதில்லை. திரும்பி வந்து முகம் கழுவினா, சோறு வடித்தா. ஞாயிறு அவர் வரவில்லை. பிள்ளை யன்னலில் நின்றாள். "மாமாவுக்கு வேலையாம்" என்றா மச்சாள். அதற்கு அடுத்த ஞாயிறும் வேலை. மூன்றாவது ஞாயிறு பிள்ளை கேட்கவில்லை. குவெஸ்தூராவில் எங்களுக்கு முறை வந்தபோது நானும் மச்சாளும் தனியே போய் நின்றோம். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது ஒன்றும் விளங்காமல் இரண்டு முறை வரிசைக்குத் திருப்பி அனுப்பப்பட்டோம்.

பாஸ்கு, உயிர்ப்புப் பெருநாள், முடிந்ததும் மச்சாள் வடக்கே ஒரு நகரத்தில் வேலை எடுத்தா. தூரத்து உறவுப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். நானும் உடுப்பு அடுக்கத் தொடங்கினேன். மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினா.

"நீ வராதை."

"ஏன் மச்சாள்? நான் செய்தது பிழையோ?"

"பிழை எண்டு சொல்லேல்லை. உன்னைப் பாக்கேக்கை எனக்கு அந்த அடுப்படி தெரியுது." என் உடுப்பை வெளியே எடுத்து வைத்துக்கொண்டே, "அந்தாள் பொய் சொன்னதுதான். எண்டாலும் பிள்ளைக்குத் தேப்பன் மாதிரி ஒரு ஆள் இருந்தது. இப்ப அதுவும் இல்லை. நீ அந்த வீட்டிலை வேலைக்குப் போகாமல் விட்டிருக்கலாம்" என்றா.

ஸ்தாசியோனேயில் அவர்களை ஏற்றிவிட்டேன். பிள்ளை தன் வகுப்புச் சிநேகிதியை நினைத்து இத்தாலியனில் அழுதுகொண்டிருந்தாள். மச்சாள் யன்னலருகே இருந்து, சாப்பாட்டுப் பை எங்கே, தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தா. ரயில் புறப்படும்வரை நாங்கள் போத்தலைப்பற்றித்தான் கதைத்தோம்.

இன்ஜெனியேரேயின் பட்டியல் ஆனி மாதம் முடிந்தது. வாங்க வந்தவர் ஒவ்வொன்றையும் தூக்கி, நம்பரை ஒப்பிட்டு, தாளில் சுற்றி மரப்பெட்டிகளில் அடுக்கினார். பிரிட்டிஷ் ரிவோல்வரைப் பார்த்து, "நல்ல நிலை, எல்லாம் ஒரே நம்பர்" என்று பாராட்டினார். அவர்கள் போனபிறகு இன்ஜெனியேரே வெறும் இழுப்பறைகளுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். "பச்சைத் துணிகளைக் கழுவிவிடு" என்றார். கழுவினேன். எண்ணெய்க் கறை போகவில்லை. அடுத்த மாரியில் அவர் செத்தார். நான் ஒரு மூதாட்டியைப் பார்க்கும் வேலைக்கு வேறு வீட்டுக்குப் போனேன்.

அண்ணாவின் சிநேகிதன் அந்தக் கோடைக்குள்ளேயே தோட்டத்தை விட்டுவிட்டார். ஜெர்மனிக்குப் போனார் என்று ஒருவர் சொன்னார். ஊருக்கே திரும்பிவிட்டார், அங்கே பிடிபட்டார் என்று இன்னொருவர் சொன்னார். கோயிலில் அவரைப்பற்றி என்னிடம் விசாரித்தவர்களுக்கு, தெரியாது என்றேன். அவருக்கும் எங்களுக்கும் என்ன கோபம் என்று கேட்டவர்களுக்கும் அதே பதில். நல்ல மனுசன், நீங்கள்தான் ஏதோ சொல்லித் துரத்திவிட்டீர்கள் என்று ஒரு அக்கா என் முகத்துக்கு நேரே சொன்னா. நான் மறுக்கவில்லை.

இரவில் அல்ல, பகலில்தான் அவர் நினைவு வரும். காய் வெட்டும்போது, பாத்திரம் துடைக்கும்போது. சில நாள் அவரை நம்புவேன். ஒரு இருபத்திரண்டு வயதுப் பொடியன், இறக்கத் தெரியாத ஒன்றைத் தூக்கிவிட்டு நிற்கிறான். வேறு நாட்களில், சிரிப்பைப் பொறுக்காத ஒரு ஆள் தெரிவான். இரண்டு பேரும் ஒரே முகத்தோடுதான் வருவார்கள். இதைத் தீர்க்கிற சொல் இன்ஜெனியேரேயிடமும் இருந்திருக்காது.

நாலு வருடம் கழித்து ஒரு நத்தார் அன்று, கிறிஸ்து பிறந்த நாளில், வடக்கிலிருந்து தொலைபேசி வந்தது. வழக்கமாக மச்சாள்தான் முதலில் கதைப்பா. அன்று பிள்ளை கதைத்தாள். பதின்மூன்று வயது. அவளுடைய இத்தாலியனில் சிசிலிச் சாயல் போய்விட்டிருந்தது.

"மாமி, ஒண்டு கேக்கட்டோ? அப்பா செத்தது ஒரு இன்சிதெந்தே எண்டு அம்மா சொல்லுறா. வெரோ?"

பின்னால் மச்சாள் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றது.

"ஓம்" என்றேன். "விபத்துத்தான்."

"சரி" என்றாள். பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்குக்குக் கிடைத்த புள்ளியைப்பற்றிச் சொன்னாள். தனக்குக் கண்ணாடி போட வேண்டுமாம். பனி கொட்டுகிறதாம். மச்சாள் ரிசீவரை வாங்கி, சுகமா என்று கேட்டா. சுகம் என்றேன். 

"அங்கையும் குளிரோ?" என்று கேட்டா.

"இல்லை மச்சாள், ஆபிரிக்காவிலையிருந்து சூட்டுக்காத்து அடிக்குது. யன்னல் எல்லாம் மண்" என்றேன்.